பறவைகளைப் பார்த்துப் படித்த சலீம் அலி

மாரி காலத்தில் பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்கு வருகிறவர்கள், இருபுறமும் ஆழமில்லாத கடலில் உள்ளான்கள் இரை தேடுவதைக் காண்பார்கள். சில வேளைகளில் பூநாரைகளும் நிற்கும். பூநாரை தலையைக் கவிழ்த்து, நாக்கால் நீரை இழுத்து, அலகால் வடித்து உண்கிறது. உள்ளானின் அலகு நுனியில் தொடுகை உணர்வு மிகுதி. சேற்றுக்குள் இருக்கும் புழுவை அது கண்ணால் காணாமலே கண்டுபிடித்துவிடும். ஐந்தாந் தரத்தில் படிக்கும் என் தம்பி, புலன்கள் விலங்குகள் உயிர்வாழ எப்படி உதவுகின்றன என்று கேட்டபோது இவற்றைத்தான் சொன்னேன். இதையெல்லாம் யார் பார்த்து எழுதினார்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அப்படிப் பார்த்து எழுதியவர்களில் ஒருவர்தான் சலீம் அலி.

அவர் 1896 நவம்பர் 12 இல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். மூன்று வயதுக்குள் தாய், தந்தை இருவரையும் இழந்து மாமாவின் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டை மஞ்சளாக இருந்தது. அதை உண்ணலாமா என்ற ஐயத்தோடு மாமாவிடம் கொண்டு போனார். மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளர் மில்லார்ட் பறவையின் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் திறந்து காட்டினார். ஒரு பிள்ளையின் கேள்வியை மதித்த அந்த ஒரு நாள் அவருடைய வாழ்க்கையை மாற்றியது.

படிப்பில் அவர் முன்னணியில் இருந்தவரல்லர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் பறவையியல் வேலை கிடைக்கவில்லை. பின்பு ஜேர்மனியின் பேர்லினுக்குப் போய்ப் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்றார். திரும்பி வந்தபோது முன்பு பார்த்த அருங்காட்சியக வேலையும் இல்லாமற் போயிருந்தது.

வேலையற்றிருந்த அந்த 1930 ஆம் ஆண்டில்தான் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். பறவைகளின் பார்வை கூர்மையானது என்பதால், ஏணியின் மேல் துணியால் மறைவிடம் அமைத்து மணிக்கணக்கில் அசையாமல் இருந்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டும். பெண் குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் மீதியை முடிக்கும். பின் வேறொரு கூட்டைத் தொடங்கும் என்பதைக் கண்டறிந்தார்.

அவருடைய பணிகளில் துணையாக இருந்த மனைவி தெஹ்மினா 1939 இல் காலமானார். அந்தத் துயரத்திலும் அவர் ஓயவில்லை. 1941 இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூலை வெளியிட்டார். 1945 இல் கச்சின் உப்புச் சதுப்புக்குப் போய்ப் பூநாரைகள் கூடு கட்டுமிடத்தை ஆராய்ந்தார். டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிகளில் இலங்கைப் பறவைகளும் இடம்பெற்றன.

வலசைப் பறவைகள் சூரியனையும் விண்மீன்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் உணர்ந்து வழி காண்கின்றன. அவை எங்கே போகின்றன என்பதை அறிய, அவருடைய சங்கத்தார் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையமிட்டனர். பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள கோடியக்கரையிலும் இப்பணி நடந்தது.

ஆனால் புலன் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், வந்து இறங்குமிடம் அழிந்துவிட்டால் பறவைக்குப் பயனில்லை. சேற்றுக்கரையை மண்ணிட்டு நிரப்பினால் உள்ளானின் அலகு எதைத் தேடும்? சலீம் அலி இதை நன்கு உணர்ந்திருந்தார். பரத்பூர் நீர்நிலையையும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கையும் காப்பாற்றக் குரல் கொடுத்தார். 1976 இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1987 ஜூன் 20 இல் தமது 90 ஆவது வயதில் காலமானார்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எங்களில் எல்லோருக்கும் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கப்போவதில்லை. அந்தப் பயம் எனக்கும் உண்டு. எங்கள் பெற்றோருக்கும் உண்டு. சலீம் அலியின் வாழ்க்கை பரீட்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. பரீட்சை மூடிய கதவுக்கு வெளியேயும் அறிவு இருக்கிறது என்று காட்டுகிறது. பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒரு பறவையின் பெயரைக் கேட்டால் படிப்பைப் பார் என்று அதட்டாதீர்கள். அதுவும் படிப்புத்தான்.