சிரிக்க வைத்தார்! சிறைக்கதவைத் திறக்க வைத்தார்!

தாம்பரத்தில் மின்சார ரயிலேறி, மாம்பலத்தில் இறங்கி வேலைக்குச் செல்லும் இரும்புலியூர்த் தோழர்களே! தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிலையைக் கண்டிருப்பீர்கள். 1969 பொங்கல் நாளில், கொடிய நோயின் பிடியிலிருந்த அண்ணா நேரில் வந்து திறந்த சிலை அது. அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சியும் அதுவே. அந்தச் சிலையைக் காணும்போது, பக்கத்தில் இன்னொருவரும் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். அவர்தான் டி.ஏ. மதுரம்!

திருவரங்கத்தில் 1918இல் பிறந்தவர். 1935இல் 'ரத்னாவளி' மூலம் திரைக்கு வந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'வசந்தசேனா' அவரைக் கிருஷ்ணனோடு இணைத்தது. அது நடிப்பிலே தொடங்கி, வாழ்க்கையிலும் நிலைத்த இணைப்பு.

கதாநாயகனும் கதாநாயகியும் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்த அந்நாளில், மக்களைச் சிரிக்க வைக்கும் பகுதியைக் கிருஷ்ணன் குழுவினர் தாங்களே கற்பனை செய்து, தாங்களே ஒத்திகை பார்த்து, தனியாகப் படமாக்கித் தருவார்கள். அந்தப் பட்டறையில் மதுரம் வெறும் எடுபிடியா? இல்லை, சரிபாதி! அவர் கேள்வி தொடுப்பார், இவர் மடக்குவார். அவர் பாடுவார், இவர் எதிர்ப்பாட்டுப் பாடுவார். 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'ஹரிதாஸ்', 'சந்திரலேகா' என்று எத்தனை படங்கள்! பெண் என்றால் தலைகுனிந்து நிற்கவேண்டும் என்றிருந்த நாளில், கணவனை எதிர்த்துக் கேட்கும் பெண்ணைக் கண்டு கொட்டகையே கைதட்டியது.

சிரிப்பு நின்ற நாளும் வந்தது. 1944 டிசம்பரில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணன் கைதானார். தியாகராஜ பாகவதருக்கும் அவருக்கும் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றமும் 1945இல் கைவிரித்தது. படமில்லை, வருமானமில்லை. நம்பியிருந்த நாடகக் குழுவோ நடுத்தெருவில்!

மதுரம் என்ன செய்தார்? மூலையில் அமர்ந்து அழுதாரா? இல்லை! எஸ்.வி. சகஸ்ரநாமத்தைத் துணைகொண்டு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். திரைக்குப் பின்னால் கயிறிழுப்பவன் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமே! ஒருபுறம் மேடை, மறுபுறம் வழக்கு. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போராட்டம் சென்றது. அங்கே வாதாடியவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் டி.என். பிரிட். மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு உத்தரவு பிறந்தது. 1947 ஏப்ரலில் விடுதலை!

சபாவின் நாடகமான 'பைத்தியக்காரன்' அதே ஆண்டு படமாக வந்தது. சிறை மீண்ட கிருஷ்ணனும் அதில் தோன்றினார். 1949இல் அண்ணாவின் 'நல்லதம்பி', 1951இல் கலைஞரின் வசனத்தில் 'மணமகள்' எனச் சிரிப்போடு சீர்திருத்தமும் ஊர் ஊராகச் சென்றது.

வாரி வழங்கிய வள்ளல் 1957இல் மறைந்தார். மதுரம் மறைந்தது 1974இல். இணையின் பாதி என்றே உலகம் அவரை எண்ணியது. ஆனால் மற்றப் பாதி சிறையிலிருந்தபோது, முழுப் பாரத்தையும் சுமந்தவர் அவர். கைதட்டல் கேட்கும்போது நடிப்பது எளிது. கைதட்டல் ஓய்ந்தபின் கூடாரம் சாயாமல் காப்பதே அரிது. அந்த அரிய பணியைச் செய்யும் பெண்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள், தோழர்களே! அவர்களை நாம் பாதி என்று எண்ணுகிறோமா, முழுமை என்று மதிக்கிறோமா?