அறை கண்ட அறிஞர்

இங்கிலாந்தின் தென்கரையை அடுத்துள்ள வைட் தீவில், 1635ஆம் ஆண்டில், எளிய சமயகுரு ஒருவரின் மகனாக இராபர்ட் ஹூக் பிறந்தார். நோயுற்ற குழந்தையாதலின் இளமையில் வீட்டிலேயே கல்வி பயின்றார். பிரித்து வைத்த பித்தளைக் கடிகாரம் ஒன்றைக் கண்டு, மரத்தால் மற்றொன்று செய்து ஓடவிட்டார் அச்சிறுவர். பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். பின்னர் இலண்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் கற்றார். 1662ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகம் அவரைச் சோதனைகள் செய்து காட்டும் பொறுப்பில் அமர்த்தியது.

தக்கை ஏன் இத்துணை இலேசாக இருக்கின்றது? அழுத்தினால் சுருங்கி மீள்வது ஏன்? இவ்வினாக்கள் ஹூக்கின் உள்ளத்தை ஈர்த்தன. கூரிய கத்தியால் தக்கையை மெல்லிய சீவலாகச் சீவினார். வெண்ணிறச் சீவல் தெளிவாகத் தெரியும்பொருட்டு அதனைக் கரிய தட்டின்மேல் இட்டு, ஒளியைக் குவித்து, உருப்பெருக்கியால் நோக்கினார். தேனடையைப் போன்று அடுக்கடுக்காகச் சிற்றறைகள் தோன்றின! ஓர் அங்குல நீளத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இருக்கும் என அவர் கணக்கிட்டார். அவற்றுள் அடைபட்ட காற்றே தக்கையின் இயல்புக்குக் காரணம் என உணர்ந்தார். 1665ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மைக்ரோகிராபியா' என்னும் நூலில் அவற்றிற்குச் 'செல்' என்று பெயரிட்டார்.

இச்சொல் 'செல்லா' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. சிற்றறை என்பது அதன் பொருள். உரோமர் பண்டங்களைச் சேமித்த அறையும், அவர்தம் கோயிலில் தெய்வத்திருவுருவம் நின்ற உள்ளறையும் அப்பெயர் பெற்றன. பிற்காலத்தில் துறவியர் தங்கிய சிற்றறைக்கும் அதுவே பெயராயிற்று.

ஹூக் கண்டவை உயிர் நீங்கிய வெற்றறைகள்; சுவரைக் கண்டாரேயன்றி அதனுள் வாழ்ந்ததைக் கண்டாரல்லர். பசுஞ்செடிகளில் அறைகள் சாறு நிறைந்திருத்தலை அவர் கண்டதுண்டு; எனினும் உயிரின் அடிப்படை அதுவே என எண்ணினாரில்லை. 1666இல் தீக்கிரையான இலண்டனை மீண்டும் எழுப்பும் பணியும், நியூட்டனோடு நேர்ந்த கசப்பான பூசலும் அவர் பிற்கால வாழ்வில் இடம்பெற்றன. 1703ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் அவர் மறைந்தார். ஐயமற்ற உருவப்படம் ஒன்றேனும் அவருக்கு இன்று இல்லை.

அவர் இட்ட பெயரோ நிலைத்தது. 1838இல் ஷ்லைடன் செடிகளுக்கும், 1839இல் ஷ்வான் விலங்குகளுக்கும் செல்லே அடிப்படை என விளக்கினர். வெற்றறையின் பெயர் உயிருள்ள பொருளுக்கு உரியதாயிற்று. தமிழில் நாம் உயிரணு என்கிறோம். அச்சொல்லில் அறையே இல்லை! ஆயினும் பழம்பொருள் முற்றும் அழிந்துவிடவில்லை. இரு கண்களுக்கும் இடையிலுள்ள எலும்பின் காற்றறைகளை உடற்கூற்று நூலார் இன்றும் 'செல்' என்றே வழங்குவர். அங்கே அதன் பொருள் சிற்றறை என்பதே.