ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் நோயும் முகத்தின் இருபுறத் தளர்ச்சியும்

அமெரிக்காவின் 32ஆவது குடியரசுத் தலைவரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1882ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். 1921 ஆகஸ்டில், தமது 39ஆம் வயதில், கனடாவின் காம்போபெல்லோ தீவில் தங்கியிருந்தபோது காய்ச்சலுற்றார். சில நாட்களில் இரு கால்களும் செயலிழந்தன. தளர்ச்சி மேல்நோக்கிப் பரவியது. தண்டுவடத்தில் இரத்தக்கட்டு எனக் கருதிய ஒரு மருத்துவர் கால்களை அழுத்தித் தேய்க்கச் செய்தார். இரு வாரங்களுக்குப் பின் வந்த மருத்துவர் லோவெட், இதனை இளம்பிள்ளை வாதம் எனக் கூறித் தேய்ப்பதை நிறுத்தினார்.

ரூஸ்வெல்ட்டின் கால்கள் மீண்டும் வலுப்பெறவில்லை. எனினும் 1926இல் ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் இடம் வாங்கி, வாத நோயாளிகளுக்கு மறுவாழ்வு மையம் அமைத்தார். நான்கு முறை குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1945 ஏப்ரல் 12 அன்று மறைந்தார்.

2003இல் வெளியான ஓர் ஆய்வு, அவரது வயது, தளர்ச்சி ஏறிய விதம், முகத் தசைகளின் செயலிழப்பு ஆகியவற்றைக் கொண்டு, அது கில்லன் பாரே நோயாக இருந்திருக்கக்கூடும் என்றது. இதனை ஏற்காத மருத்துவர்களும் உள்ளனர். அன்று இரு நோய்களுக்குமே மருந்து இல்லை. இன்று கில்லன் பாரே நோய்க்குச் சிகிச்சை உண்டு. ஆகவே நோயை உரிய காலத்தில் அறிவது முக்கியம்.

இந்நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்குகிறது. பெரும்பாலும் வயிற்றுப்போக்கு அல்லது சளிக் காய்ச்சலுக்குச் சில வாரங்களின் பின் தோன்றும். பொதுவான முகவாதத்தில் வாய் ஒருபுறம் கோணும். இந்நோயிலோ முகத்தின் இருபுறமும் தளரக்கூடும். அப்போது வாய் கோணாது என்பதால் வீட்டார் கவனிக்கத் தவறுவர். கண்களை முழுமையாக மூட இயலாமை, சிரிக்க இயலாமை, வாயிலிருந்து நீர் வழிதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். சிலருக்குக் கால் தளர்ச்சிக்கு முன்பே முகம் தளரும்.

இவற்றுடன் கை, கால் மதமதப்பு, விழுங்குவதில் சிரமம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் காலம் தாழ்த்தாதீர்கள். காயல்பட்டினத்திலும் அருகிலுள்ள கடலோர ஊர்களிலும் வசிப்போர் 108 ஊர்தியை அழைத்து, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். இம்யூனோகுளோபுலின் மருந்தோ பிளாஸ்மா மாற்றமோ முதல் இரு வாரங்களுக்குள் தொடங்கினால் மிகுந்த பயன் தரும். மூடாத கண்கள் உலராமல் காக்க மருத்துவர் கூறும் சொட்டு மருந்தைப் பயன்படுத்துங்கள். குணமடையப் பல மாதங்கள் ஆகலாம். எனினும் உரிய சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் மீண்டும் நடக்கின்றனர்.