கொடுமுடிக் கோகிலம் சுந்தராம்பாள்: பிளேட்டில் ஒலித்த குரல்

மாதேசுவரன் மலையை இறங்கி மேட்டூருக்குப் போகும் பஸ், பாலாற்றுச் சோதனைச் சாவடியைக் கடக்கும். ஆற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. மைசூர்ப் பக்கம் வேலை பார்த்துவிட்டுப் பண்டிகைக்கு ஊர் திரும்புகிறவர்களில் பலருக்கு இந்தப் பாலம் பழக்கமானது. வேலூர்ப் பாலாறு வேறு, இது வேறு. இது மலைக்காட்டில் இருந்து வந்து காவிரியில் சேரும் ஆறு. அந்தக் காவிரி மேட்டூர் அணையில் தேங்கி, பவானி, ஈரோடு என்று இறங்கி, கொடுமுடியில் கிழக்கே திரும்புகிறது.

1956-க்கு முன்பு கொள்ளேகால் தாலுகா கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. கொடுமுடியும் அதே மாவட்டம்தான். மாதேசுவரன் மலைக்காரரும் கொடுமுடிக்காரரும் அன்று ஒரே கலெக்டருக்கு மனுப்போட்டவர்கள். அந்தக் கொடுமுடியில் 1908-ம் ஆண்டு அக்டோபர் 10-ந்தேதி பிறந்தவர் கே.பி.சுந்தராம்பாள்.

"கே" என்பது கொடுமுடி. "பி" என்பது பாலாம்பாள், அதாவது தாயார். ஒரு தம்பி, ஒரு தங்கை. வீட்டில் வறுமை.

ரெயிலில் பாடிய சிறுமி

சுந்தராம்பாளை நாடகத்துக்குக் கொண்டுவந்தவர் யார் என்பதில் இரண்டு கதைகள் உண்டு. ரெயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியை, ரெயில்வே அதிகாரியும் நாடகப் பிரியருமான எப்.ஜி.நடேச அய்யர் கண்டுபிடித்து வேலு நாயர் கம்பெனியில் சேர்த்தார் என்பது ஒன்று. கரூரில் இருந்த போலீஸ் அதிகாரி ஒருவர் சேர்த்துவிட்டார் என்பது மற்றொன்று. எந்தக் கதையை எடுத்துக்கொண்டாலும், சிறுமியை மேடைக்கு அனுப்பியது பசிதான். கிடைத்த வேடமும் அதற்கேற்றதாகவே இருந்தது. "நல்லதங்காள்" நாடகத்தில், பசியால் அழும் பிள்ளைகளில் ஒன்று. அந்த அழுகையை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது இல்லை.

பாலபார்ட்டாகத் தொடங்கியவர், சில ஆண்டுகளில் ஸ்திரீபார்ட், தேவைப்பட்டால் ராஜபார்ட் என்று எல்லா வேடமும் கட்டினார். கம்பெனியோடு கப்பல் ஏறி இலங்கைக்குப் போனார். தனுஷ்கோடியில் ரெயிலை விட்டு இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரெயில் பிடிக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர்களும் அந்த வழியாகத்தான் போனார்கள். கொழும்பில் ஜிந்துப்பிட்டி, தமிழ் நாடகத்துக்குப் பேர்போன இடம். துறைமுகத் தொழிலாளிகளும் கடைச் சிப்பந்திகளும் கணக்கப்பிள்ளைகளும் காசு கொடுத்து நாடகம் பார்த்தார்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர்ப்பாட்டு கேட்பதில் உள்ள ஆசையைச் சொல்லவும் வேண்டுமா?

ஸ்பெஷல் நாடகம்

அந்தக் காலத்து "ஸ்பெஷல் நாடகம்" என்பது விசித்திரமான ஏற்பாடு. கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. காண்டிராக்டர் ஒருவர் ராஜபார்ட்டை ஓர் ஊரில் இருந்தும், ஸ்திரீபார்ட்டை வேறு ஊரில் இருந்தும், ஆர்மோனியக்காரரை இன்னோர் ஊரில் இருந்தும் அமர்த்துவார். எல்லாரும் மாலையில் வந்து இறங்குவார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திரை தூக்கினால், விடியும் வரை நாடகம். இது எப்படி நடந்தது என்றால், "வள்ளி திருமணம்", "கோவலன்" போன்ற நாடகங்களைச் சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டும் வசனமுமாக எழுதி வைத்துவிட்டார். எல்லா நடிகருக்கும் அது மனப்பாடம். யார் யாரோடு சேர்ந்தாலும் கதை நகரும்.

நகர்வதோடு நிற்காது. போட்டியும் வரும். முருகன் ஒரு ராகத்தில் கேள்வி போட்டால் வள்ளி அதற்கு மேல் போய்ப் பதில் சொல்ல வேண்டும். சளைத்தால் கொட்டகை சிரிக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலம். தரை டிக்கெட்டின் கடைசி வரிசை வரை குரல் ஒன்றே போய்ச் சேர வேண்டும். ஆகவே உச்ச சுருதியில் பாடத் தெரிந்தவர்தான் பிழைத்தார்கள். சுந்தராம்பாளின் வெண்கலக் குரல் பிறவியில் கிடைத்தது. ஆனால் அதை இரவு முழுவதும் காப்பாற்றிப் பாடும் வித்தை, இந்தக் கொட்டகைகளில் கற்றது.

கொழும்பில் ஒரு சந்திப்பு

செங்கோட்டை கிட்டப்பா 1906-ல் பிறந்தவர். சுந்தராம்பாளுக்கு இரண்டு வயது மூத்தவர். சிறு பிள்ளையாக மேடை ஏறி, கன்னையா கம்பெனியின் தசாவதார நாடகத்தில் பெரும்புகழ் பெற்றவர். சங்கீத வித்துவான்களே டிக்கெட் வாங்கிக் கேட்ட குரல் அது. அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியம் வாசிக்க, தம்பி மேலே மேலே போவார்.

1926-ல் இருவரும் கொழும்பில் ஒரே மேடையில் நடிக்க ஏற்பாடு ஆயிற்று. அந்தப் பெண்ணோடு பாடி ஈடுகொடுக்க முடியாது என்று கிட்டப்பாவிடமும், அவரோடு பாடினால் உன் பெயர் போய்விடும் என்று சுந்தராம்பாளிடமும் வேண்டியவர்கள் ஓதினார்கள் என்று சொல்வார்கள். இருவருமே பயப்படவில்லை. "வள்ளி திருமணம்" நடந்தது. போட்டியாகத் தொடங்கியது ஜோடியாக முடிந்தது. 1927-ல் மாயூரத்தில் திருமணம்.

கிட்டப்பாவுக்கு ஏற்கனவே மனைவி இருந்தார். சாதியும் வேறு. இரு தரப்பிலும் எதிர்ப்பு. அதைப் பற்றிக் கொட்டகைக்கு என்ன கவலை? இருவர் பெயரும் ஒரே நோட்டீசில் வந்தால் ஊர் கூடியது.

கறுப்புத் தட்டு

இந்த நேரத்தில் இன்னொரு வாகனமும் அவர்கள் பாட்டை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அதுதான் கிராமபோன். மக்கள் பேச்சில், "பிளேட்".

அரக்கில் செய்த தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் கொஞ்சமும்தான் பாட்டு. எஃகு ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். கை தவறினால் தட்டு உடைந்துவிடும்.

விடிய விடியப் பாடிய குரலை மூன்று நிமிடத்துக்குள் அடைப்பது சுலபம் அல்ல. மேடையில் ஆலாபனையே கால் மணி நேரம் போகும். பிளேட்டில் மூச்சு விடுவதற்குள் சரணத்துக்கு வந்துவிட வேண்டும். ரசிகர் கைதட்டல் கிடையாது. "ஒன்ஸ்மோர்" கிடையாது. எதிரே இருப்பது ஒரு கருவி. நாடகப் பாட்டுக்காரர்கள் பலர் அங்கே திணறினார்கள். சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் திணறவில்லை. மூன்று நிமிடத்தில் ஒரே ஒரு உச்சத்தை வைத்து, அதில் ஆளை உலுக்கிவிடுவார்கள்.

மேல்நாட்டில் பிற்காலத்து ராக் கோஷ்டிகளின் வழி வேறு மாதிரி. பீட்டில்ஸ் கோஷ்டி தங்கள் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை 1963 பிப்ரவரி 11-ந்தேதி ஒரே நாளில் பாடிப் பதிவு செய்தது. மார்ச்சில் அது வெளிவந்தது. பிறகு பிரிட்டன் முழுவதும் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். ஊருக்குப் போனால் தட்டு விற்கும். தட்டு விற்றால் அடுத்த ஊரில் கூட்டம் சேரும். இந்தக் கணக்கை நம் நாடகக் காண்டிராக்டர்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். நாடகமே போகாத ஊரிலும் பிளேட் போய்விடும். காப்பி கிளப்பிலும் கல்யாண வீட்டிலும் கேட்டவர்கள், ஆளை நேரில் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

பிளேட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாட்டுகளை இருவரும் பாடினார்கள். 1931-ல் மோதிலால் நேரு மறைந்தபோது சுந்தராம்பாளின் இரங்கல் பாட்டு பிளேட்டாக வந்தது. காந்திஜி லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனதும் பாட்டாயிற்று. மேடையில் முருகனைத் தேடும் வள்ளி, கதைக்குச் சம்பந்தம் இல்லாமல் காந்திஜியைப் பற்றிப் பாடினால், கொட்டகை எழுந்து நிற்கும். தேசியப் பாட்டுகள் பலவற்றைச் சர்க்கார் தடை செய்தது. பேச்சாளரைப் பிடித்து உள்ளே போடலாம். வீட்டுக்குள் சுழலும் தட்டை எத்தனை போலீசார் தேடுவார்கள்? படிக்கத் தெரியாதவர்களுக்கு அன்று பத்திரிகையும் அதுதான்.

ஓயாத பயணம்

பிளேட்டால் பெயர் பரவப் பரவ, அழைப்புகள் குவிந்தன. இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். இரவெல்லாம் பாட்டு, பகலில் ரெயில். தூக்கம் என்பது கிடைத்த நேரத்தில்தான். கிட்டப்பாவின் உடம்பு இதைத் தாங்கவில்லை. குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது.

குடும்பமும் நிலைக்கவில்லை. சுந்தராம்பாளுக்குப் பிறந்த ஆண் குழந்தை சில நாட்களிலேயே இறந்தது. மனத்தாங்கல் வளர்ந்து இருவரும் பிரிந்தார்கள். கொடுமுடிக்கும் செங்கோட்டைக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து பிற்காலத்தில் அச்சாகி இருக்கிறது. கோபமும் ஏக்கமும் ஒரே தாளில் கலந்து கிடக்கும் கடிதங்கள் அவை. கிட்டப்பா நோயுற்றபோது சுந்தராம்பாள் போய்ப் பணிவிடை செய்தார். கொஞ்சம் தேறியதும் கிட்டப்பா மறுபடி நாடகத்துக்குக் கிளம்பிவிட்டார். 1933-ல் திருவாரூர் மேடையில் மயங்கி விழுந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி உயிர் பிரிந்தது. வயது 27.

ஓய்வு எடுக்கச் சொல்ல ஆள் இருந்தார்கள். விடுவதற்குத்தான் யாரும் தயாராக இல்லை. காண்டிராக்டருக்கு வசூல், கொட்டகைக்குப் பாட்டு, பாடகருக்குக் கைதட்டல். இதில் யாரைக் குற்றம் சொல்வது? ஆனால் ஒன்று. சுமார் பத்து ஆண்டுகள் தமிழ்நாட்டைக் கட்டி ஆண்ட அந்தக் குரலில் மிஞ்சியது சில டஜன் பாட்டுகளே. விடிய விடியப் பாடியதெல்லாம் காற்றோடு போயிற்று.

வெள்ளைச் சேலை

சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. வெள்ளைச் சேலை கட்டினார். நகைகளைக் கழற்றினார். இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். ஸ்திரீபார்ட் தொழிலில் இப்படி ஒரு முடிவு எடுத்தால், பிழைப்பையே விட்டதாகத்தான் அர்த்தம்.

ஆனால் அவர் பிழைப்பை விடவில்லை. வேடத்தை மாற்றினார். 1935-ல் "பக்த நந்தனார்" படத்துக்கு அழைத்தபோது, அவர் ஏற்றது நந்தனார் வேடம். ஆண் வேடம்! எதிரே வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத அய்யர். சம்பளம் ரூ.1 லட்சம். ஒரு பவுன் 30 ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. படத்தைக் கல்கி விமர்சனத்தில் கிண்டல் செய்தார். எருமையும் பனைமரமும் நன்றாக நடித்ததாக எழுதினார் என்பார்கள். பாட்டைப் பற்றி யாரும் கிண்டல் செய்ய முடியவில்லை.

சத்தியமூர்த்தியின் அழைப்பை ஏற்று 1937 தேர்தலில் காங்கிரசுக்காகக் கூட்டங்களில் பாடினார். 1951-ல் சென்னை சட்ட மேல்சபை உறுப்பினர் ஆனார். சினிமாக் கலைஞர் ஒருவர் சட்டசபைக்குள் போனது இந்தியாவில் அதுவே முதல் தடவை. 1953-ல் ஜெமினி வாசனின் "அவ்வையார்". அதன்பின் "பூம்புகார்", "திருவிளையாடல்", "கந்தன் கருணை". எல்லாவற்றிலும் பாட்டி, துறவி, பக்தை. 1969-ல் வந்த "துணைவன்" படப் பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தது. 1970-ல் பத்மஸ்ரீ.

சம்பாதித்ததில் கொடுமுடியிலேயே ஒரு சினிமாக் கொட்டகை கட்டினார். ரெயிலில் பாடிய சிறுமியின் பெயரில், ரெயில் நிற்கும் அதே ஊரில் ஒரு தியேட்டர்.

1980-ல் அவர் மறைந்தார். கிட்டப்பா போய் 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை ஆண்டுகளும் வெள்ளைச் சேலைதான்.