ஹெர்மன் ஹாலரித்

ஹெர்மன் ஹாலரித் (பெப்ரவரி 29, 1860 - நவம்பர் 17, 1929) அமெரிக்கப் பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். துளையிட்ட அட்டைகளில் பதியப்பட்ட தகவல்களை மின்சாரத்தின் உதவியால் எண்ணும் பட்டியலிடும் பொறியை உருவாக்கியவர் இவரே. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகத் தோன்றிய இப்பொறியைப் பின்னர் வணிக நிறுவனங்களின் கணக்கு அறைகளுக்கும் கொண்டு சென்றார். இன்று பல்கலைக்கழகங்களில் வணிகத் தகவல் முறைமைகள், நிறுவன வளத் திட்டமிடல் (ஈ.ஆர்.பி.) என்னும் பெயர்களில் பயிலப்படும் துறையின் வரலாற்றை இவரிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

பிறப்பும் கல்வியும்

ஹாலரித் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். சிறுவயதில் எழுத்துக்கூட்டல் இவருக்குப் பெரும் இடராக இருந்தது. அதனால் பள்ளியை விட்டுத் தனியாசிரியரிடம் பயின்றார். 1879 இல் கொலம்பியா கல்லூரியின் சுரங்கவியல் பள்ளியில் பொறியியல் பட்டம் பெற்றபோது இவருக்கு வயது 19. இவரது பேராசிரியர் வில்லியம் டிரோபிரிட்ஜ் 1880 ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப் பணியில் ஈடுபட்டிருந்தார். அவரே இவரையும் அப்பணிக்கு அழைத்துச் சென்றார்.

அப்போது ஐக்கிய அமெரிக்காவின் மக்கள்தொகை 5 கோடியைத் தாண்டியிருந்தது. எழுத்தர்கள் தாள்களில் கோடு கிழித்து எண்ணிய அக்கணக்கு முழுமையாக வெளிவர ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உயிர்நிலைப் புள்ளிவிவரங்களுக்குப் பொறுப்பாக இருந்த மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ், இவ்வேலையைச் செய்ய ஒரு பொறி இருக்கவேண்டும் என உரையாடல் ஒன்றில் கூறினார். அதை மனத்திற் கொண்ட ஹாலரித், பின்னர் அவரையும் இம்முயற்சியில் பங்குகொள்ள அழைத்தார். சிக்கல் தீர்ந்தால் போதும் என்று பில்லிங்ஸ் ஒதுங்கிக்கொண்டார்.

1882 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) இயந்திரப் பொறியியல் கற்பிக்கச் சேர்ந்தார். ஒரே பாடத்தை ஆண்டுதோறும் திரும்பச் சொல்வது இவருக்கு ஒத்துவரவில்லை. ஓராண்டிலேயே விலகிக் காப்புரிமை அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கு பெற்ற பட்டறிவு பிற்காலத்தில் இவருக்குப் பெரிதும் உதவியது.

துளை அட்டை

ஹாலரித் முதலில் துளையிட்ட நீண்ட தாள் சுருளையே பயன்படுத்தினார். சுருளில் ஒருவரின் விவரத்தை மட்டும் தனியே எடுக்க இயலாது. அதற்காகச் சுருள் முழுவதையும் ஓட்டவேண்டும். ஆகவே ஒருவருக்கு ஓர் அட்டை என்ற முறைக்கு மாறினார். தொடர்வண்டிப் பயணச்சீட்டில், பயணியின் தலைமயிர், கண் முதலிய அடையாளங்களை நடத்துனர் துளையிட்டுக் குறித்ததைக் கண்டதே இதற்குத் தூண்டுதலாயிற்று.

இம்மாற்றம் சிறியதாகத் தோன்றினாலும் இவரது பணியின் உயிர்நாடி இதுவே எனலாம். அட்டையில் ஒருமுறை பதிந்த விவரத்தை வயது வாரியாகவும் தொழில் வாரியாகவும் பிறந்த நாடு வாரியாகவும் எத்தனை முறை வேண்டுமானாலும் வகைப்படுத்தி எண்ணலாம். ஒரு தரவை ஒருமுறை மட்டும் உள்ளிட்டுப் பல துறைகளும் பயன்படுத்துவதே நிறுவன வளத் திட்டமிடலின் அடிப்படைக் கொள்கை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

1890 இல் பயன்பட்ட பொறியில் அட்டையை வைத்து மேல்தட்டை இறக்கினால், துளையுள்ள இடங்களில் மட்டும் ஊசிகள் நுழைந்து கீழேயுள்ள பாதரசக் கிண்ணங்களைத் தொடும். மின்சுற்று மூடி, உரிய முகப்பின் முள் ஓர் எண் நகரும். அதே நேரத்தில் வகைப்படுத்தும் பெட்டியின் ஒரு மூடி திறக்கும். இயக்குபவர் அட்டையை அதனுள் இடுவார்.

1888 இல் செயின்ட் லூயிஸ் நகரத் தரவுகளைக் கொண்டு நடந்த போட்டியில் ஹாலரித் பதிவுப் பணியை 72.5 மணி நேரத்தில் முடித்தார். மற்ற இருவருக்கும் 100.5, 144.5 மணி நேரம் ஆயின. பட்டியலிடுவதற்கான ஆயத்தத்தில் வேறுபாடு இன்னும் பெரிது: அவர்களுக்கு 44.5, 55.5 மணி நேரம், இவருக்கு 5.5 மட்டுமே. 1889 சனவரி 8 இல் காப்புரிமைகள் கிடைத்தன. இம்முறையை விளக்கும் ஆய்வுக்காகக் கொலம்பியா 1890 இல் முனைவர் பட்டம் அளித்தது. அதே ஆண்டில் லூசியா டால்காட் என்பவரை மணந்தார்.

1890 கணக்கெடுப்பு 6,26,22,250 என்ற தொகையை அறிவித்தது. நாடு இன்னும் பெரிதாகிவிட்டதென நம்பியிருந்தோர் ஏமாற்றமடைந்தனர். சில நாளிதழ்கள் பொறியையே குறைகூறின.

வணிகத்தில்

கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வருவது. இடைப்பட்ட காலத்தில் பொறிகள் சும்மா கிடந்தன. ஹாலரித் பணமுடையில் இருந்தார். எனவே நியூயார்க் சென்ட்ரல் தொடர்வண்டி நிறுவனத்தை அணுகினார். அந்நிறுவனம் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 இலட்சம் சரக்குச் சீட்டுகளைக் கையாண்டுவந்தது. ஆட்களை எண்ணும்போது ஒன்றைக் கூட்டினால் போதும். சரக்குக் கணக்கில் எடைகளையும் கட்டணங்களையும் கூட்டவேண்டும். இதற்காகத் தொகைகளைக் கூட்டும் பொறியை உருவாக்கினார். முதல் முயற்சி நிறுவனத்துக்கு நிறைவளிக்கவில்லை. பொறியைத் திருத்தி, கட்டணமின்றி இயக்கிக்காட்ட முன்வந்து ஒப்பந்தத்தைப் பெற்றார். 1896 டிசம்பரில் டேபுலேட்டிங் மெஷின் நிறுவனத்தைத் தொடங்கினார். பொறிகளை விற்காமல் வாடகைக்கு விட்டு, அட்டைகளை விற்பதே அவரது வழக்கம்.

இதே வழக்கம் பூசலுக்கும் காரணமாயிற்று. 1903 இல் கணக்கெடுப்பு இயக்குநரான சைமன் நார்த் வாடகை மிகையென்றார். ஹாலரித் இறங்கிவரவில்லை, 1905 இல் உறவு முறிந்தது. அரசு தானே பொறிகளை உருவாக்கிக்கொள்ள, 1910 கணக்கெடுப்பில் ஜேம்ஸ் பவர்ஸின் பொறிகள் பயன்பட்டன. ஹாலரித் தொடுத்த வழக்கு பயனளிக்கவில்லை. இழந்த வாடிக்கையை வணிகம் ஈடுசெய்தது எனலாம். மார்ஷல் ஃபீல்ட் போன்ற பெரிய அங்காடிகளும் தொழிற்சாலைகளும் விற்பனை, செலவுக் கணக்குகளுக்கு இவரது அட்டைகளை நாடின.

1911 இல் சார்ல்ஸ் ஃபிளின்ட் இந்நிறுவனத்தை வேறு சிலவற்றுடன் இணைத்தார். ஹாலரித்துக்கு ஏறத்தாழ 12 இலட்சம் டாலர் கிடைத்தது. இணைந்த நிறுவனம் 1924 இல் ஐ.பி.எம். எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1921 வரை ஆலோசகராக இருந்தவர், பின்னர் பண்ணையிலும் படகுகளிலும் பொழுதைக் கழித்தார். வாஷிங்டனில் காலமானார்.

பின்வந்தவை

இவரது பொறிகளுக்கு உரிமம் பெற்று 1910 இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட டெஹோமாக் பிற்பாடு ஐ.பி.எம்.-இன் துணை நிறுவனமாயிற்று. 1933 இல் நாட்சி அரசு நடத்திய கணக்கெடுப்பிலும் அதன் பொறிகள் பயன்பட்டன என்பது இவ்வரலாற்றின் இருண்ட பக்கம். 1949 இல் அது ஐ.பி.எம். ஜெர்மனி ஆனது. அதிலிருந்து விலகிய ஐவர் 1972 இல் எஸ்.ஏ.பி. நிறுவனத்தைத் தொடங்கினர். அட்டைகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துப் பின்னர் செயற்படுத்தும் முறையைக் கைவிட்டு, திரையில் உள்ளிட்டவுடன் கணக்கில் ஏற்றுவதே அவர்களது நோக்கம். அவர்களது மென்பொருள்களின் பெயரில் இருந்த ஆர் என்ற எழுத்து இந்த உடனடித் தன்மையையே குறித்தது.

ஃபோர்ட்ரான் கணினி மொழியின் பழைய பதிப்புகளில் எழுத்துச் சரங்களைக் குறிக்க எச் என்ற எழுத்து பயன்பட்டது. அது ஹாலரித்தின் முதலெழுத்தாகும்.