மைக்கேல் பரடே

வறுமை சிறாரின் அறிவை மழுங்கச் செய்யும் என்பர் சிலர். வறுமையே மேதைகளை உருவாக்கும் என்பர் வேறு சிலர். இரண்டும் முழு உண்மையல்ல என்பதை விஞ்ஞானி மைக்கேல் பரடேயின் வரலாற்றிலே காண்கின்றோம்.

பரடே 1791ஆம் ஆண்டில், இலண்டனை அடுத்த நியூவிங்டனிலே கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தையாரோ நோயாளி, வருவாயோ அற்பம். உணவுப் பண்டங்களின் விலை ஏறிய 1801இல், சிறுவருக்கு வாரமொன்றுக்கு ஒரு பாணே கிடைத்தது. எழுத்து, வாசிப்பு, சிறிது கணக்கு என்னும் அளவோடு பள்ளிப்படிப்பும் முடிந்தது.

1805இல் அவர் புத்தகம் கட்டும் தொழில் பயில ஜோர்ஜ் றீபோ என்பாரிடம் ஏழாண்டு ஒப்பந்தத்திற் சேர்ந்தார். அம்முதலாளி பயிற்சிப்பணம் பெற்றிலர். கட்ட வந்த நூல்களைப் பையன் வாசிப்பதையும் தடுத்திலர். அவ்வாறு கைக்கு வந்த கலைக்களஞ்சியத்திலே மின்சாரத்தைப் பற்றியும், மார்செற் அம்மையாரின் நூலிலே இரசாயனத்தைப் பற்றியும் பரடே கற்றார். விஞ்ஞானச் சொற்பொழிவுகளைக் கேட்பதற்கு வேண்டிய சிலிங்கைத் தமையனார் றொபேட் கொடுத்துதவினார். 1812இல் டான்ஸ் என்னும் வாடிக்கையாளர், றோயல் இன்ஸ்ரிரியூசனிலே பேரறிஞர் டேவி நிகழ்த்திய நான்கு விரிவுரைகளுக்கு அனுமதிச் சீட்டுக்களை அளித்தார். தாம் எழுதிய குறிப்புக்களைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பிய பரடே, 1813 மார்ச்சில் அங்கே ஆய்கூட உதவியாளரானார். 1831இல் அவர் கண்ட மின்காந்தத் தூண்டலே நம் இல்லங்களுக்கு ஒளிதரும் மின்பிறப்பாக்கிகளுக்கு அடிப்படையாயிற்று.

அறிவும் முயற்சியும் அவருடையவை. அவை பயன்படுதற்கு வாயில் திறந்தவர்களோ பிறர். ஹவாயின் கவாய்த் தீவில் 1955இற் பிறந்த 698 பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்த எமி வேர்னர் அம்மையார் கண்டதும் இதற்கு இயைந்ததே. பல இடர்களுக்கிடையே வளர்ந்தோருள் மூன்றிலொரு பங்கினர் நன்னிலை எய்தினர். பரிவோடு பேணிய பெரியவர் ஒருவரேனும் வாய்த்திருந்தமை அதற்கொரு காரணமென அவர் கண்டார்.

பரடே தாம் பெற்ற உதவியை மறந்தாரல்லர். இளைஞர்க்கென நடைபெற்ற நத்தார்க்கால விரிவுரைத் தொடர்களுள் பத்தொன்பதைத் தாமே நிகழ்த்தினார். சேர் பட்டத்தை மறுத்து, 1867இற் காலமானார்.

பழைய மாணவராகிய நாம் இதனைச் சிந்தித்தல் வேண்டும். ஒரு நூலுக்கோ பரீட்சைக் கட்டணத்துக்கோ வழியின்றிப் படிப்பை இடைநிறுத்தும் பிள்ளையின் திறமை எத்தகையது என்பதை எவரும் அறியார். பரடே ஆதல் நம்மிற் சிலர்க்கே கூடும். றீபோ ஆதல் எல்லார்க்கும் கூடும்.