வரங்களைப் பங்கிட்ட கொமேனியஸ்

ஆவியின் வரம் ஒருவருக்கு அருளப்பெறினும் அது சபையார் அனைவர்க்கும் உரியது என்பது பவுலடியார் கொரிந்தியர்க்கு உணர்த்திய நெறி. அந்நெறியைப் பள்ளிக்கூடத்திற்குக் கொண்டு சென்றவர் யான் ஆமோஸ் கொமேனியஸ்.

1592இல் மொராவியாவில் பிறந்த அவர் இளமையிலேயே பெற்றோரை இழந்தார். இலத்தீன் பள்ளியிற் சேர்ந்தபொழுது அவருக்கு வயது பதினாறு. காலங்கடந்து கற்ற அந்த அல்லலே பின்னாளில் அவரைக் கல்விச் சீர்திருத்தத்திற்கு உந்தியது எனலாம். செக் சகோதரர் சபையின் குருவாகப் பணியாற்றுங்கால், 1620இல் வெள்ளை மலைப் போரில் போஹீமியப் புரட்டஸ்தாந்தர் தோற்றனர். கொமேனியஸ் தலைமறைவானார். அவர்தம் மனைவியும் இரு குழந்தைகளும் கொள்ளைநோய்க்கு இரையாயினர். 1628இல் தாய்நாடு துறந்து போலந்தின் லெஷ்னோ நகரை அடைந்தார்.

1631இல் அங்கிருந்து வெளிவந்த அவரது இலத்தீன் பாடநூல் ஐரோப்பா எங்கும் பரவிற்று. ஏறத்தாழ எண்ணாயிரம் சொற்கள், ஆயிரம் வாக்கியங்கள், நூறு இயல்கள். ஆயினும் அது வெறுஞ் சொற்கோவையன்று. விண்ணும் மண்ணும், செடியும் விலங்கும், தொழிலும் அரசும், இறைமையும் அதனுள் தொடர்ந்து வரும். சொல்லைக் கற்கும் மாணவன் கூடவே உலகையும் கற்பான். இயற்கை, மனித உள்ளம், திருமறை ஆகிய மூன்றும் கடவுள் எழுதிய நூல்களே என்றும், ஒன்றை மற்றொன்றினின்று பிரித்துப் படிப்பது அறிவைத் துண்டாடுவதே என்றும் அவர் கருதினார். இறையியலும் இயற்கையியலும் ஓரிடத்தில் இணையும் அவ்வறிவைப் பான்சோபியா என்றார். அதனை ஆண், பெண், செல்வர், வறியர் என்ற வேறுபாடின்றி எல்லார்க்கும் அளித்தல் வேண்டும் என வாதிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் இது துணிச்சலான வாதமே.

1648இல் வெஸ்ட்பேலியா உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதில் செக் சகோதரர்க்கு இடமில்லை. நாடு திரும்பும் நம்பிக்கை அற்றது. அவ்வேளையில் சபையின் தலைமைப் பேராயராக இருந்தவர் கொமேனியஸ். 1650இல் அவர் எழுதிய சிறுநூல் இறக்குந் தறுவாயிலுள்ள தாயின் உயிலாக அமைந்தது. சபையே அத்தாய். தான் பெற்ற வரங்களை அவள் பிற சபைகளுக்குப் பகிர்ந்தளிக்கிறாள்: ஒழுங்கும் கட்டுப்பாடும் லூத்தரன் சபையார்க்கு, உண்மைப் பற்றும், தாய்மொழியைப் பேணும் வேட்கையும், இளையோர் கல்வியில் அக்கறையும் செக் மக்களுக்கு. தம்மை வருத்திய உலகிற்கு, வசைக்கு மாறாக, உடைமைகளை எழுதிவைத்த அந்நூலே அவர் படைப்புகளுள் உள்ளத்தை மிகுதியும் தொடுவது.

போலந்தின்மீது படையெடுத்த சுவீடன் மன்னரைப் புகழ்ந்து எழுதியது அவரது அரசியற் பிழை. 1656இல் போலந்துப் படையினர் லெஷ்னோவைக் கொளுத்தினர். வீடும் நூலகமும் கையெழுத்துப் படிகளும் எரிந்தன. அவற்றுள் ஒன்று, மாணவப் பருவந்தொட்டு நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அவர் தொகுத்துவந்த செக் அகராதி. பிற இழப்புகளையெல்லாம் தாங்கிய முதியவர் இதனை மட்டும் இறுதிவரை ஆற்றமாட்டாதவராய் இருந்தார்.

ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்து எழுத்தைத் தொடர்ந்தார். குழந்தைகளுக்கான அவரது படப் பாடநூல் 1658இல் நூரன்பர்க்கில் அச்சாயிற்று. 1670இல் அவர் மறைந்தபொழுது, மானிட வாழ்வனைத்தையும் திருத்த ஏழு பகுதிகளாய் வகுத்த பெருநூலின் பெரும்பகுதி கையெழுத்திலேயே நின்றது. 1930களில் ஜெர்மனியின் ஹாலே அனாதை இல்ல நூலகத்தில் அப்படிகள் கண்டெடுக்கப்பட்டு, 1966இல் பிராகாவில் முழுமையாக அச்சேறின. செக் அகராதியோ மீளவே இல்லை.